பாதியில் வெட்டுப்பட்ட பெயர்

"மிஸ், நான் மூண்டு மாசமும் கட்டினனான். துண்டு கிடக்கு, பாருங்கோ."

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வன்னியில் நான் பணிபுரியும் கிராமமொன்றில் நடைபெற்ற மாதர் சேமிப்புச் சங்கக் கூட்டத்தில் ஓர் இளம் தாய் எழுந்து நின்று இவ்வாறு கூறினார். அவர் சங்கத்தில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. முதற் கடன் எடுத்து ஆறு தவணை கட்டியிருந்தார். ஆனால் கணனியில் மூன்று தவணைகளே பதிவாகியிருந்தன. அவருக்காகப் பிணை நின்ற நான்கு பெண்களும் முகம் சுருங்கி அமர்ந்திருந்தார்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்களுக்கும் அடுத்த கடன் கிடையாது என்பது சங்கத்தின் விதி.

துண்டுகளைச் செயலாளர் வாங்கிப் பார்த்தார். "இதில பேர் சிவபாக்கிய எண்டுதான் கிடக்கு. இது மற்றச் சிவபாக்கியம் அக்காவின்ர துண்டாயும் இருக்கலாம்" என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் எல்லோருக்கும் விளங்கியது. அந்தப் பெண் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர்களுடைய உண்மைப் பெயர்களை நான் இங்கு எழுதவில்லை. இளையவரைச் சிவபாக்கியலட்சுமி என்றும், மூத்தவரைச் சிவபாக்கியம் என்றும் வைத்துக்கொள்வோம். சங்கத்தின் பற்றுச்சீட்டுகளில் நீளமான பெயர்கள் பாதியில் நிற்பதை நாங்கள் பல ஆண்டுகளாகவே பார்த்து வந்தோம். துண்டில் இடம் காணாது போலும் என்று எண்ணினோமே தவிர, ஏன் என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சிவபாக்கியம் அம்மா தனது கொப்பியுடன் அலுவலகத்திற்கு வந்தார். 2009இல் கணவரை இழந்து மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர் அவர். "பிள்ளை, என்ர கொப்பியில நாலு தவணைதான் கட்டினதாக் கிடக்கு. உங்கட கணனி ஏழு எண்டு சொல்லுது. அது என்ர காசு இல்லை. பார்த்து உரியவளுக்குக் குடுங்கோ" என்றார்.

அவர் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிய வந்திராது. அந்த நேர்மைக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. தவறு எங்கள் கணனியில் என்பது உறுதியாயிற்று. ஆனால் அதனைத் திருத்துவது யார்?

எங்கள் கணக்கு நிரலை 2017இல் தொண்டர் தம்பி ஒருவர் சம்பளம் வாங்காமல் எழுதித் தந்தார். பின்னர் அவர் வெளிநாடு போய்விட்டார். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். இரவு வேலை முடித்துக் களைத்திருந்தவர், "அக்கா, நான் லாசரஸிலதான் செய்தனான். அது இலவசம். இறக்கிப் போடுங்கோ. நான் எழுதின மூல நிரல் முழுக்க அந்தக் கணனியில ஒரு கோப்புறையில கிடக்கு. திறந்து பாருங்கோ. உங்களால ஏலும்" என்றார்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். கணனியில் கடிதம் தட்டச்சுச் செய்வேன், அறிக்கை எழுதுவேன். நிரல் எழுதுவது கணிதம் படித்தவர்களின், அதிலும் ஆண்பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்தது. பெண்களுக்குத் தன்னம்பிக்கை பற்றி வகுப்பெடுக்கும் எனக்கே இந்த நிலை. ஆயினும் வேறு ஆள் பிடிக்கச் சங்கத்திடம் பணமில்லை. எனவே தொடங்கினேன்.

லாசரஸ் என்பது கணனிக்கான நிரல்களை நாமே உருவாக்குவதற்குரிய ஒரு வேலைத்தளம். பெட்டி, பொத்தான் முதலியவற்றைத் திரையில் வைத்து, அவை என்ன செய்யவேண்டும் என்பதைப் பாஸ்கல் மொழியில் எழுத வேண்டும். பாஸ்கல் மொழியை 1970இல் வெளியிட்டவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லவுஸ் விர்த் என்ற பேராசிரியர். நிரலாக்கத்தை மாணவருக்கு ஒழுங்காகக் கற்பிக்க வேண்டுமென்பது அவரது நோக்கங்களில் ஒன்று. அவர் 2024 ஜனவரி முதலாந் திகதி, நான் இந்த வேலையைத் தொடங்குவதற்குச் சிறிது முன்னர்தான், காலமானார். மொழிக்குப் பெயர் தந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல், வரிக் கணக்குப் பார்த்துக் களைத்த தன் தகப்பனாருக்கு உதவ 1642இல் கூட்டல் இயந்திரமொன்றை உருவாக்க முனைந்தவர். கணக்குக் கொப்பியின் சுமையைக் குறைக்கத்தான் அவரும் முயன்றார் என்று அறிந்தபோது எனக்குச் சற்று நெருக்கம் உண்டாயிற்று.

லாசரஸ் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. இதற்கு முன்பு மெகிடோ என்ற பெயரில் சிலர் இதே வேலையைத் தொடங்கினர். அது குலைந்து போயிற்று. அவர்களுள் மூவர் 1999இல் மறுபடியும் தொடங்கியபோது, மரித்து உயிர்த்தெழுந்த லாசருவின் பெயரை வைத்தார்கள். அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது 2012இல். விழுந்த இடத்திலிருந்து மீண்டும் கட்டியெழுப்பப் பதின்மூன்று ஆண்டுகள் எடுத்திருக்கின்றன. இது திறந்த மூல மென்பொருள். எவரும் காசின்றிப் பெறலாம், பிறருக்குக் கொடுக்கலாம், அதன் உள்ளே எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம், திருத்தலாம்.

முதல் நாள் அதனைத் திறந்தபோது பயந்தே போனேன். மற்ற மென்பொருள்களைப் போல ஒரே சாளரமாக அது வரவில்லை. மேலே ஒரு நீண்ட பட்டை, இடப்புறம் ஒரு பட்டியல், நடுவில் ஆங்கிலம் எழுதிய ஒரு பக்கம், அதற்கு மேல் புள்ளிகள் நிறைந்த ஒரு வெற்றுப் பலகை, கீழே இன்னொரு பெட்டி என்று துண்டு துண்டாகத் திரை முழுவதும் பரவிக் கிடந்தது. எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்து மூடிவிட்டேன். அன்று அவ்வளவுதான்.

இரண்டாம் நாள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று அமர்ந்தேன். புதிய வீட்டின் குசினிக்குள் போனால் உப்பு எங்கே, சீனி எங்கே என்று தேடுவோம் அல்லவா? அப்படித்தான். புள்ளிகள் உள்ள பலகைதான் நிரலின் முகம். அதற்கு ஃபார்ம் என்று பெயர். மேலே உள்ள பட்டையிலிருந்து பொத்தானையும் பெட்டியையும் எடுத்து அதில் வைக்கலாம். இடப்புறப் பட்டியலில் ஒவ்வொரு பொருளின் குணங்களும் இருக்கும். அங்கே கப்ஷன் என்ற இடத்தில் எழுதுவதுதான் பொத்தானின் மேல் தோன்றும். எழுத்துப் பக்கத்தில் நாம் கட்டளைகளை எழுத வேண்டும். முகத்திற்கும் எழுத்துப் பக்கத்திற்கும் மாறி மாறிப் போக எஃப் 12 என்ற விசை. எழுதியதை இயக்கிப் பார்க்க எஃப் 9.

ஒரு பொத்தானை வைத்து, கப்ஷனில் "கணக்கிடு" என்று தமிழில் எழுதினேன். தமிழில் அப்படியே தோன்றியது. அதனை இருமுறை சொடுக்கியதும் எழுத்துப் பக்கத்தில் பிகின் என்றும் எண்ட் என்றும் இரண்டு சொற்கள் தாமாகவே வந்தன. தொடக்கம், முடிவு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் எனக்கு. "வணக்கம்" என்று காட்டும்படி ஒரு வரியும் அதன் கீழே இன்னொரு வரியும் எழுதி எஃப் 9ஐ அழுத்தினேன். வேலை செய்யவில்லை.

கீழேயுள்ள பெட்டியில் சிவப்பாக ஒரு செய்தி. முதல் வரியின் முடிவில் அரைப்புள்ளி இல்லையாம். ஆனால் அது சுட்டிக்காட்டியதோ அதற்கு அடுத்த வரியை! நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை முந்திய வரியில் என்பது பிறகுதான் விளங்கியது. அரைப்புள்ளி இல்லாதபடியால் வாக்கியம் முடியவில்லை என்று எண்ணி அடுத்த வரிக்கும் போய், அங்கே தடுக்கி விழுந்துதான் அது கத்துகிறது. சங்கக் கூட்டங்களிலும் நாங்கள் விழுந்தவளைத்தானே பார்க்கிறோம், தடுக்கிய கல்லைப் பார்ப்பதில்லை.

நாம் எழுதுவதைக் கணனி விளங்கும் வடிவத்திற்கு மாற்றித் தருவதற்குக் கம்பைலர் என்று பெயர். அதன் ஆரம்ப வடிவமொன்றை 1952 அளவில் உருவாக்கியவர் கிரேஸ் ஹொப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி. இதை அறிந்த பிறகு "ஆண்பிள்ளைகளின் வேலை" என்ற சொல் என் வாயிலிருந்து வருவதில்லை.

தம்பியின் கோப்புறையில் உடனே கை வைக்க எனக்குத் துணிவில்லை. பயிற்சிக்காகச் சிறிய நிரல் ஒன்றைச் செய்ய எண்ணினேன். எங்கள் பெண்கள் வெளியே வாங்கும் கடனுக்கு எவ்வளவு வட்டி போகிறது என்று கணக்கிடும் நிரல். கடன் தொகைக்கு ஒரு பெட்டி, மாத வட்டி வீதத்திற்கு ஒரு பெட்டி, மாதங்களுக்கு ஒரு பெட்டி, ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

முதலில் 50,000 என்று காற்புள்ளியுடன் தட்டினேன். "இது எண் அல்ல" என்று நிரல் நின்றுவிட்டது. பெட்டியில் நாம் எழுதுவது அதற்கு எழுத்து. அதை எண்ணாக மாற்று என்று நாம் சொல்லவேண்டும், காற்புள்ளியும் இருக்கக்கூடாது. காற்புள்ளி இல்லாமல் தட்டியபோது விடை வந்தது.

அந்த விடையைச் சகோதரிகள் அறிந்திருப்பது நல்லது. 50,000 ரூபா, மாதம் 2 வீதம், 12 மாதம். முழுத் தொகைக்கும் கடைசிவரை ஒரே வட்டி எடுப்பதாயின் மாதம் 1,000 வீதம் 12,000 ரூபா வட்டி. ஒவ்வொரு மாதமும் முதலில் சம பங்கைக் கட்ட, மீதியாக நிற்கும் தொகைக்கு மட்டும் அதே 2 வீதம் எடுப்பதாயின் வட்டி 6,500 ரூபா மட்டுமே. வித்தியாசம் 5,500 ரூபா! முதலாவது முறையில், கடைசி மாதத்தில் உங்கள் கையில் கடனாக நிற்பது ஏறத்தாழ 4,167 ரூபாதான். ஆனால் அப்போதும் 50,000 ரூபாவுக்கே வட்டி கட்டுகிறீர்கள். இரண்டுமே "மாதம் 2 வீதம்" என்றுதான் சொல்லப்படும். ஆகவே கடன் எடுக்கும்போது, "வட்டி முழுத் தொகைக்கா, மீதித் தொகைக்கா?" என்று கட்டாயம் கேளுங்கள். இதற்குக் கணனி வேண்டியதில்லை, கொப்பியிலேயே கணக்குப் பார்க்கலாம். ஆனால் நான் எழுதிய நிரல் அதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி வேறு.

மூன்று வாரம் கழித்துத் தம்பியின் கோப்புறையைத் திறந்தேன். திறப்பதற்கு முன் அதனை முழுமையாக ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்தேன். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். எதை முதலில் காக்கவேண்டும் என்று எங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நூற்றுக்கணக்கான வரிகள். பெரும்பாலானவை விளங்கவில்லை. "பெயர்" என்பதற்கு அவர் வைத்த சொல்லை மட்டும் தேடிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் அங்கத்தவரின் விபரங்கள் வரிசையாக இருந்தன. பெயர் என்பதற்கு நேரே ஸ்ட்ரிங் என்றும், சதுர அடைப்புக்குள் 30 என்றும் எழுதியிருந்தது. பெயருக்கு 30 இடம் என்பது பொருள். 30 எழுத்து யாருக்குத்தான் போதாது? சிவபாக்கியலட்சுமியில் நாங்கள் எண்ணினால் 10 எழுத்துத்தானே!

அங்கேதான் விடயம் இருந்தது. அந்த 30 என்பது எழுத்து அல்ல, பைற். கணனி பைற் கணக்கில்தான் எழுத்துகளைச் சேமிக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற் போதும். இன்று பொதுவாக வழங்கும் யுனிகோட் முறையில், யுடிஎஃப் 8 என்ற வடிவத்தில், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைற் வேண்டும். அதுமட்டுமன்றி, "சி" என்பது நமக்கு ஓரெழுத்து, கணனிக்கு "ச" ஒன்று, விசிறி ஒன்று, ஆக இரண்டு குறி. "க்" என்பதும் "க" ஒன்று, புள்ளி ஒன்று. சிவபாக்கியலட்சுமி என்ற பெயரைக் கடதாசியில் பிரித்து எண்ணினேன். 17 குறி, 51 பைற். இருந்த இடமோ 30 பைற். அதாவது பத்துக் குறி. பத்தாவது குறி "ய". மிகுதியை நிரல் ஒரு சொல்லும் சொல்லாமல் வெட்டிவிட்டது. சிவபாக்கியம் என்பதையும் எண்ணினேன். 12 குறி, 36 பைற். அதிலும் பத்தாவது குறி "ய".

இரண்டு பெண்களும் கணனிக்குள் "சிவபாக்கிய" என்ற ஒரே ஆளாகியிருந்தார்கள். தவணை பதியும்போது அந்தப் பெயரில் கண்ட ஏதோவொரு கணக்கில் நிரல் பணத்தைச் சேர்த்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரின் மூன்று தவணைகள் பழையவரின் கணக்கில் விழுந்தது அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதினால் அந்த நீளப் பெயரும் 19 எழுத்தில் முடிந்துவிடும். தம்பி ஆங்கிலப் பெயர்களைப் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கலாம். அவரிலும் நான் குறை காணமாட்டேன். ஏழு ஆண்டுகளாகத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்காத எனக்குத்தான் அதில் கூடிய பங்கு.

30ஐ அழித்து 150 என்று எழுதினேன். எஃப் 9. நிரல் திறந்தது. அங்கத்தவர் பட்டியலைப் பார்த்ததும் கை நடுங்கியது. பெயர்களுக்குப் பதிலாகப் பெட்டிகளும் கேள்விக்குறிகளும் நிறைந்திருந்தன. தொகைகள் கோடிக்கணக்கில் நின்றன.

தம்பியிடம் கேட்டபோது விளங்கியது. பழைய தரவுக் கோப்பு சம அளவான அறைகள் கொண்ட ஒரு நீண்ட பெட்டி போன்றது. நான் அறையின் அளவை மாற்றிவிட்டு, பழைய பெட்டியைப் புதிய அளவுகோலால் அளந்திருக்கிறேன். ஒருவரின் பெயருக்குள் இன்னொருவரின் கடன் புகுந்துவிட்டது. பழைய அளவில் வாசித்துப் புதிய அளவில் வேறு கோப்பில் எழுதும் சிறிய நிரல் ஒன்று வேண்டும். பென் டிரைவில் இருந்த பிரதியை வைத்துக்கொண்டு, இரண்டு இரவுகள் இருந்து அதனை எழுதினேன். தம்பி அங்கிருந்து சொல்லிக்கொடுத்தார். தொகைகள் எல்லாம் சரியாக வந்தன. தவணை பதியும்போது பெயரைக்கொண்டு தேடாமல் அங்கத்துவ இலக்கத்தைக்கொண்டு தேடும்படியும் மாற்றினோம். துண்டிலும் இனி அந்த இலக்கம் வரும்.

ஆனால் பெயர்கள் மட்டும் திரும்பி வரவில்லை. வெட்டப்பட்ட பாதி அந்தக் கோப்பில் ஒருபோதும் எழுதப்பட்டிருக்கவில்லை. இல்லாததை எந்த நிரலாலும் மீட்கமுடியாது. அது அந்தப் பெண்களிடம் மட்டுமே இருந்தது.

அடுத்த கூட்டத்திற்குக் கணனியைக் கொண்டுபோனேன். முதலில் சிவபாக்கியலட்சுமியை அழைத்து, எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். ஆறு தவணையும் அவரது கணக்கில் நிற்பதைத் திரையில் காட்டினேன். செயலாளரும் எழுந்து, "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது தங்கச்சி" என்றார். சிவபாக்கியம் அம்மா அந்தப் பிள்ளையைத் தன்னருகில் இருத்திக்கொண்டார்.

பின்னர் ஒவ்வொருவராக வந்து தமது முழுப் பெயரைச் சொன்னார்கள். நான் தட்டச்சுச் செய்தேன். அவர்கள் திரையைப் பார்த்துச் சரி என்றார்கள். முகாமில், நிவாரணப் பட்டியலில், விண்ணப்பப் படிவத்தில் என்று எத்தனையோ இடங்களில் பிழையாகவும் குறையாகவும் எழுதப்பட்ட பெயர்கள் அவை. ஒரு தாய், "எழுத்தொண்டும் விடாமப் போடு பிள்ளை" என்றார். போட்டேன்.

சகோதரிகளே, எல்லோரும் நிரல் எழுத வேண்டுமென்று நான் சொல்லவில்லை. எங்கள் பெயரும் காசும் இருக்கும் பெட்டியின் திறப்பு எங்களில் ஒருவரிடமாவது இருக்கவேண்டும் என்றே சொல்கிறேன். உங்கள் சங்கத்திற்கு யாராவது நிரல் எழுதித் தந்தால், மூல நிரலையும் கேட்டு வாங்கி வையுங்கள். அங்கத்தவர்களில் மிக நீளமான தமிழ்ப் பெயரைப் போட்டு முதலில் சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் பிரதி எடுங்கள். "கணனி சொல்லுது" என்று எவராவது சொன்னால், உங்கள் கொப்பியை எடுத்து விரியுங்கள். உயர்தரம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் உங்கள் மகளிடம் லாசரஸ் போன்ற ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். முதல் நாள் அவளும் பயந்து மூடிவிடுவாள். இரண்டாம் நாள் ஒரு பொத்தானை வைப்பாள்.

இப்போது எங்கள் சங்கத்தில் இரண்டு இளம் பெண்கள் என்னுடன் சேர்ந்து பழகுகிறார்கள். அவர்களில் ஒருவர் சிவபாக்கியலட்சுமி. போன வாரம் அவர் எழுதிய வரியிலும் அரைப்புள்ளி விடுபட்டிருந்தது. நான் சொல்லவில்லை. சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, மேல் வரிக்குப் போய் அவரே போட்டார்.